பூக்கள் நிறைந்த அறையில் அப்பா

அப்பாவிடமிருந்து முதலில் போனது மராத்தி. அடுத்தது இந்தி. புனேயில் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்காலம் முழுவதையும் அந்த இரண்டு மொழிகளிலேயே கழித்தவர், ஒரு மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேனுக்குத் தமிழில் பதில் சொல்ல ஆரம்பித்தார். வாட்ச்மேன் சிரித்தபடி தலையாட்டினார். அப்பா விளையாடுகிறார் என்று நாங்களும் நினைத்தோம். பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மறதி நோய் என்றார். கடைசியில் கற்றுக்கொண்டவை முதலில் கழன்றுவிடும், சிறு வயதில் வந்தவை கொஞ்ச காலம் தங்கும் என்றும் சொன்னார்.

அதற்கு அடுத்த வருடம் அம்மா இறந்தார். அம்மாவின் உடலுக்குப் பக்கத்தில் அப்பா நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் கை கூப்பினார். மறுநாள் காலை காபி டம்ளரை வாங்கிக்கொண்டு, "உங்கம்மா எங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். அழுதார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர் போல அழுதார். இதை எத்தனை முறை செய்வது? சில நாட்களில் நான் வேறு பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

"மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்கப்பா."

"இந்த வெயில்லயா?" என்பார். அதோடு விட்டுவிடுவார்.

என் மகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். தாத்தா பாட்டியைப் பற்றி எப்படிக் கேட்டாலும், போயிருக்காங்க, வந்துடுவாங்க என்று சொல்லு. அவள் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை யோசித்து யோசித்துத்தான் பேசுவாள், இடையில் இந்தி வந்து விழும். ஆனாலும் தாத்தாவுக்காக அந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டாள். வானவடி ஃபிளாட்டில் நாங்கள் மூன்று பேர்தான். என் கணவருக்கு வேலை வடக்கே. நான் வங்கி வேலையை விட்டு வீட்டோடு இருந்தேன். போகப்போக அப்பா அம்மாவைப் பற்றிக் கேட்பதே நின்றுவிட்டது. அதை ஒரு வரமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மியூசியத்துக்கு அழைத்துப் போகலாம் என்று சொன்னது மகள்தான். அவள் டிசைன் படிக்கிறாள். சனி, ஞாயிறுகளில் ஒரு சின்ன ஓவிய மியூசியத்தில் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பழைய பங்களா ஒன்றில் இருக்கிறது, பின்னால் பெரிய தோட்டம். குளிர்காலம் முடிகிற சமயத்தில் அங்கே பூக்களுக்காகவே நிகழ்ச்சிகள் வைப்பார்கள். தோட்டத்தில் உட்கார்ந்து படம் வரைவது, செடிகளைப் பார்த்தபடி நடப்பது, கடைசி நாளில் விழா. அந்த வருடம் மறதி நோய் உள்ளவர்களுக்காகவும் சில காலை நேரங்களை ஒதுக்கியிருந்தார்கள்.

"தாத்தா ஜாலியா இருப்பாங்கம்மா. வீட்டுல சும்மா சுவர் பாத்துட்டே இருக்காங்க, இல்ல?" என்றாள்.

முதல் நாள் ரிக்ஷாவில் போகும் வழியெல்லாம் அப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்கியதும் நிகழ்ச்சியை நடத்தும் மராத்திப் பெண்மணி வாசலுக்கு வந்து, "யா காகா, யா" என்று வரவேற்றார். மராத்தியில் பெரியவர்களைக் காகா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்.

"எங்க காக்கா?"

நான் சிரித்தேன். எதற்கென்று தெரியாமலே அந்தப் பெண்மணியும் சிரித்தார். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

உள்ளே ஒரு தாமரைக் குளத்தின் ஓவியத்துக்கு முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அதைப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். துளசி, எலுமிச்சை இலை என்று கசக்கி முகரக் கொடுத்தார்கள். அப்பா எலுமிச்சை இலையை விடவே இல்லை. அந்தப் பெண்மணி மராத்தியில் பேச, அப்பா தமிழில் பதில் சொல்ல, இருவரும் ஒவ்வொரு பாத்தியாக நின்று நின்று நடந்தார்கள். "இதுக்குத் தண்ணி பத்தல" என்று அப்பா ஒரு செம்பருத்தியைக் காட்டினார். "ஹோ காகா, கூப் சுந்தர்" என்று, ரொம்ப அழகு என ஆமோதித்தார் அவர். இருவருக்கும் திருப்தி. பிறகு ஒரு தாளில் ஊதா வண்ணத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தார் அப்பா. என்ன அது என்று கேட்டதற்கு, "பாத்தா தெரியல?" என்றார்.

நாங்கள் தொடர்ந்து போனோம். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புது இடம். ஆனால் வாசலைத் தாண்டி அந்த மரங்களின் நிழலுக்குள் நுழைந்ததும் அவருடைய தோள்கள் தளர்வதை நான் பார்த்தேன். அங்கே போய்வந்த நாட்களில் நன்றாகச் சாப்பிட்டார். நன்றாகத் தூங்கினார். நோய் குணமாகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இப்படியே சில வருடங்களை ஓட்டிவிடலாம் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

விழா நாளன்று தோட்டத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் உள்ளேதான் என்று மகள் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு ஓவியத்துக்கு முன்னாலும் ஒரு பூ அலங்காரம். ஓவியத்தில் இருக்கும் நிறங்களைப் பூக்களால் சொல்வார்கள். அவளும் ஒன்று செய்திருந்தாள். அதைத் தாத்தா பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி அழைத்துப் போனேன்.

கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நடுத்தரையில் இதழ்களால் பெரிய ரங்கோலி போட்டிருந்தது. கூட்டத்துக்காக வாடகை நாற்காலிகளைச் சுவரோரமாக வரிசையாகப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் செய்த அலங்காரம் அறையின் கோடியில், தரையை ஒட்டிய நீளமான மேடை ஒன்றில் இருந்தது. வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் சம்பங்கியும் வெள்ளைச் சாமந்தியும் ரோஜாவும். அந்த அறை முழுவதும் சம்பங்கி வாசனை.

அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். கழற்றிய செருப்புகளைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே கைகளைக் கூப்பிக்கொண்டு மெல்ல உள்ளே நடந்தார். என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"யாரும்மா போயிட்டாங்க?"

அந்தக் கணத்தில்தான் அந்த அறை என் கண்ணில் பட்டது. அதுவரை நான் பார்த்தது வேறு அறை.

"யாரும் இல்லப்பா. இது கண்காட்சி. பூ வெச்சிருக்காங்க, வாங்க, வெளிய தோட்டத்துக்குப் போலாம்."

அவர் வரவில்லை. நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். எத்தனையோ மாதங்களாக அவர் கேட்காத கேள்வி அவர் முகத்தில் எழுந்துவருவதைக் கண்டேன். நான் அவர் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தேன். அதற்குள் என் மகள் தாத்தாவைக் கண்டுவிட்டு எதிரே ஓடி வந்தாள். மஞ்சள் குர்தா, முகமெல்லாம் சிரிப்பு. அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பாட்டி போயிட்டாளா?"

"ஆமா தாத்தா," என்றாள் அவள். "போயிட்டாங்க."

அவளுக்குத் தெரிந்த தமிழில் போவது என்றால் போவதுதான். மார்க்கெட்டுக்கு, கடைக்கு, கோயிலுக்கு. அதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வந்துடுவாங்க என்ற அடுத்த வார்த்தையை அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்பா அதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவின் அழுகையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இது அப்படி இல்லை. சத்தமே வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. பிறகு தவழ்ந்தே அந்த மேடைக்குப் போனார். வெள்ளைத் துணியை நீவிச் சரிசெய்தார். மகள் மணிக்கணக்கில் சொருகி வைத்திருந்த ரோஜாக்களைப் பிடுங்கி, இதழ் இதழாகப் பிரித்து அதன்மேல் தூவினார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்று வெள்ளைத் துணியைப் பார்த்துச் சொன்னார். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலையே நீ."

ஒருவர் போனை உயர்த்திப் படம் எடுத்தார். என் அருகில் நின்ற இளம்பெண், இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவள் கண்களும் கலங்கித்தான் இருந்தன. நிகழ்ச்சியை நடத்தும் பெண்மணிதான் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். "காகாவை அழ விடுங்கள்" என்று மராத்தியில் என்னிடம் சொல்லிவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

என் மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். "நீ சொன்னதுதானேம்மா நான் சொன்னேன்?" என்று இந்தியில் கேட்டாள். "அதேதானே?"

"அதேதான்," என்றேன்.

மறுநாளே எல்லாம் மறந்துவிடும் என்று நினைத்தேன். மறந்துதான் போனார். மியூசியம், தோட்டம், அந்தப் பெண்மணி, எலுமிச்சை இலை, எதுவும் நினைவில் இல்லை. ஆனால் துக்கம் மட்டும் எங்கேயும் போகவில்லை. காலையில் எழுந்து வந்து கூடத்துச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். காபி கொண்டுபோய் நீட்டினேன். வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டார்.

சாவு வீட்டில் உடலை எடுக்கும்வரை அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், சாப்பிட மாட்டார்கள். பல வருடங்களுக்கு முன் ஊரைவிட்டு வந்தவருக்கு மராத்தி போனது, இந்தி போனது, வேலை பார்த்த தொழிற்சாலையின் பெயர் போனது. இது போகவில்லை. நான் சமையலறையில் இட்லித் தட்டோடு நின்றிருந்தேன். "இன்னும் எடுக்கலையே, அதுக்குள்ள என்னம்மா அடுப்பு?" என்று என்னை மெல்லக் கடிந்துகொண்டார்.

மார்க்கெட் பதிலை அவர் நம்பவில்லை. "எங்கிட்ட ஏம்மா மறைக்கிற?" என்றார். அன்று சாயங்காலம்வரை ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. வேறு வழி தெரியாமல் கடைசியில் சொன்னேன்.

"எடுத்தாச்சுப்பா. எல்லாம் முடிஞ்சுது. நீங்க வந்து தலைக்குக் குளிங்க."

எழுந்து வந்தார். ஸ்டூலில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துவட்டிவிட்டுச் சோறு போட்டதும் சாப்பிட்டார். அடுத்த நாள் காலை அதே சுவரோரம், அதே கேள்வி.

இப்படித்தான் எங்கள் காலைகள் நடக்கின்றன. என் அம்மாவை நான் தினமும் எடுக்கிறேன். உண்மையில் அம்மா போன அன்று வண்டி, ஐயர், மின்தகன மேடை என்று அலைந்ததில் எனக்கு அழ நேரமில்லை. இப்போது அப்பாவின் தலையில் செம்பைக் கவிழ்க்கும்போது சில நாட்களில் என் முகமும் நனைந்துவிடுகிறது. சில நாட்களில் ஒன்றுமே தோன்றுவதில்லை, கை தானாக ஊற்றுகிறது. அந்த நாட்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

மகள் மியூசியத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் தமிழ் பேசுவதையும். தாத்தா ஏதாவது கேட்டால் என்னைப் பார்க்கிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவிக்கொடுப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். உன்மேல் தப்பில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "தெரியும்மா," என்கிறாள் இந்தியில். "இருந்தாலும் எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதே."

மாத்திரைகளை மாற்றிக் கொடுத்த டாக்டரிடம், இது எப்போதாவது நிற்குமா என்று கேட்டேன். அவர் மேஜைமேல் பேனாவை உருட்டினார். நோய் இன்னும் முற்றினால் இதுவும் மறந்துபோகும் என்றார். அதைக் கேட்டபோது எனக்குள் ஆறுதல் போல ஒன்று எழுந்தது. வெளியே படிக்கட்டில் வந்து நின்ற பிறகுதான் நான் எதற்கு ஆறுதல் பட்டேன் என்பது உறைத்தது. அப்பா இன்னும் அழிய வேண்டும் என்று காத்திருக்கிறோம், நானும் அவர் பேத்தியும்.

போன வாரம் ஒரு நாள் அவர் கேட்கவில்லை. எழுந்து வந்து சுவரோரம் உட்காராமல் கூடத்தின் நடுவிலேயே நின்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றேன். கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தை மரியாதையாகப் பார்த்தார், புது இடத்தில் வழி கேட்க நிற்பவர் பார்ப்பதைப் போல. காபியை நீட்டியதும் வாங்கிக்கொண்டார். அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, ஆறிப்போகும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தார்.