காதலிப் பாறையில் நடந்தது

மலைப்பாதையைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் வேலையில் அவளுக்கு இது பதினோராவது வருஷம். வாய் கொஞ்சம் அதிகம் என்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் வெடி. அன்று காலை வழிகாட்டி சொன்னதைக் கேட்டதும் அந்த வெடி வெடித்தே விட்டது.

வேலைக்குப் புதிதாக வந்த அந்த வழிகாட்டி, மரங்கள் முடிந்து வெறும் கல்லாக நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் இருபது பேரை நிறுத்தி, "இதுதான் காதலிப் பாறை. அந்தக் காலத்துல ஒரு பொண்ணு, காதலிச்சவன் கைவிட்டுட்டான்னு இங்கேருந்துதான் குதிச்சா" என்றான். கூட்டம் உச்சுக் கொட்டியது. பிறகு முனையில் நின்று படம் எடுத்துக்கொண்டது.

அங்கிருந்து விழுந்து செத்தவள் ஒரே ஒருத்திதான். வெடியின் கூடப்பிறந்த அக்கா.

"யாருடா குதிச்சா?" துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தாள். "எங்க அக்கா ரெண்டு புள்ளைக்குத் தாய். விறகு சுமந்துட்டு வந்தவ. கீழ நல்ல பாதை ஒண்ணு இருந்துச்சு. அதிகாரி பங்களா முன்னாடி விறகுக்கட்டோட யாரும் போகக்கூடாதுன்னு அதுக்கு வேலி போட்டானுங்க. அப்புறம்தான் பொம்பளைங்க எல்லாரும் இந்தக் கல்லு மேல ஏறி இறங்கினோம். மழையில கால் வழுக்கிடுச்சு. எனக்குப் பன்னெண்டு வயசு. பின்னாடியே வந்துட்டிருந்தேன்."

"கதையை எழுதிக் குடுத்தது ஆபீஸ்மா. என்மேல பாயாதீங்க" என்றான் வழிகாட்டி, முகம் வெளிறி.

அப்படியே இறங்கி சுற்றுலா ஆபீசுக்குப் போனாள். மேலாளரின் மேஜையில் பாறையருகே வைக்கப்போகும் பலகையின் மாதிரி கிடந்தது. கூந்தல் பறக்க ஒரு பெண்ணின் படம்.

"கதை நல்லா எடுபடுதும்மா, கூட்டம் ரெண்டு மடங்காயிடுச்சு. யார் பேரையும் சொல்லலையே, உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"பேரைச் சொல்லுங்கன்னுதான் கேக்குறேன். வேலி போட்டதையும் சேர்த்துச் சொல்லுங்க."

"வேலியெல்லாம் இப்ப எதுக்கு இழுக்கறீங்க?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தலைச்சுமையை இறக்கி வைக்க நேரமில்லாதவளுக்குக் காதலனாம்!

மறுநாளிலிருந்து எந்தக் கூட்டம் வந்தாலும் பாறையருகே நின்று நடந்ததைச் சொன்னாள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்றாம் வாரம் அக்காவின் மகள் தையல் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். "எங்கம்மா குதிக்கலை" என்று அவள் சொன்னபோது யாரும் படம் எடுக்கவில்லை.

கடைசியில் பலகை வந்தது. படமும் இல்லை, காதலும் இல்லை. 'இங்கே வழுக்கும். ஓரத்துக்குப் போகாதீர்கள்.' அவ்வளவுதான்.

"இதாவது செஞ்சாங்களே சித்தி" என்றாள் அக்கா மகள்.

"வழுக்கும்னு நாப்பது வருஷம் முன்னாடியே எங்களுக்குத் தெரியாதா? ஏன் இதுமேல நடந்தோம்னு எங்கடி எழுதியிருக்கான்?" என்று சீறினாள் வெடி. அதற்குள் கீழே பேச்சுக்குரல் கேட்டது. முந்தானையைச் செருகிக்கொண்டு, வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து, "இப்படி வாங்க" என்று கூப்பிட்டாள்.