பிரேக் வைக்காத டிரெய்லர்

எனக்குக் கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஏற்காட்டில் கோலி சோடா போட்டு விற்றுக்கொண்டிருந்தார். எண்பதுகளின் தொடக்கம். மஞ்சக்குட்டை, கரடியூர் கடைகளுக்கு அவரே கொண்டுபோய்ப் போடுவார். சைக்கிள் கேரியரில் ஒரு பெட்டிக்கு மேல் கட்ட முடியாது; அந்தக் கண்ணாடிப் பாட்டில்கள் அவ்வளவு கனம். பின்னால் கோத்து இழுக்கிற மாதிரி சின்ன டிரெய்லர் ஒன்று இருந்தால் ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டார். சேலத்தில் ஒரு பட்டறையில் செய்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். டவுனைப் பார்க்கலாமே என்று நான் இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

பட்டறை வாசலில் இரண்டு டிரெய்லர்கள் நின்றன. பார்க்க இரண்டும் ஒன்றுதான்: இரும்புச் சட்டம், மேலே பலகை, இரண்டு சக்கரம். ஒன்றில் மட்டும் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற ரப்பர் கட்டையும், அதை இழுக்க சைக்கிள் ஹேண்டில்பார் வரைக்கும் ஒரு ஒயரும் இருந்தன.

“மலைக்குன்னா பிரேக் வச்சத எடுத்துக்கங்கண்ணா,” என்றார் பட்டறைக்காரர். “எறக்கத்துல சரக்கு உங்கள முன்னாடி தள்ளும். சைக்கிள் பிரேக்கு தாங்காதுங்க.”

என் வீட்டுக்காரர் இரண்டையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிரேக் வைத்தது நொம்பக் கனம், ஏற்றத்தில் அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல என்றுதான் சொல்ல வேண்டும். என் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டறைக்காரரிடம் காட்டினார்.

“பிரேக் எதுக்குங்க? இவ எஸ்டேட்ல மூட்டை தூக்குனவ. பின்னாடி கயித்தப் புடிச்சுட்டு வந்தான்னா வண்டி எங்க ஓடப்போவுது?”

அங்கேயே சோதித்தும் பார்த்தார். வாசல் சரிவில் பிரேக் இல்லாத டிரெய்லரை நிறுத்தி, இரும்புத் துண்டுகளை ஏற்றி, கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு முன்னாலிருந்து இழுத்தார். நான் நல்ல சேலையோடு பின்னால் சாய்ந்து காலை ஊன்றினேன். வண்டி நின்றது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கை நீட்டுகிற மனுஷன் இல்லை. என்னைப் புகழ்ந்ததாகத்தான் நினைத்தார். சொல்லப்போனால் எனக்கும் அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அதையே வாங்கிக்கொண்டு மலையேறினோம். அதற்குப் பிறகு ஏற்றத்தில் நான் பின்னாலிருந்து தள்ளுவேன். இறக்கத்தில் அவர் சைக்கிளில் உட்கார்ந்துகொள்வார். நான் கயிற்றைப் பிடித்தபடி பின்னால் ஓடுவேன். உள்ளங்கை உரிந்து சோறு பிசைய முடியாமல் போனது. “கையில புடிச்சாத்தான எரியுது, இடுப்புல கட்டிக்க” என்றார். அவரே கட்டிவிட்டார். மறுமுனையை டிரெய்லரின் பின்சட்டத்தில் முடிச்சுப் போட்டதும் அவர்தான்.

ஒரு மழைநாளில், கரடியூர் இறக்கத்தில் என் கால் வழுக்கியது. விழுந்த என்னை வண்டி சேற்றில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. “ஏனுங்க, நிறுத்துங்க!” என்று கத்தினேன். அதற்குள் சட்டத்தில் போட்ட முடிச்சு அவிழ்ந்துவிட்டது. நான் கிடந்த இடத்திலேயே கிடந்தேன். டிரெய்லர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் வளைவில் கவிழ்ந்தது. எழுந்து ஓடிப் பார்த்தால், உடைந்த பாட்டில்களுக்கு நடுவில் அவர் கிடந்தார். தொடை எலும்பு முறிந்து கால் திரும்பியிருந்தது. என் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து, பெட்டிப் பலகையை வைத்து அந்தக் காலைக் கட்டினேன். அந்த வழியாக வந்த எஸ்டேட் ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் அம்மா வந்து கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “இவ கயித்த உட்டுட்டா.”

“நான் எங்கீங்க உட்டேன்? இடுப்புல இல்ல கட்டியிருந்துச்சு!”

“அப்ப கயிறு எங்க?” என்றார் மாமியார்.

காலில் கட்டியிருந்த கயிற்றை நர்ஸ் வெட்டிக் குப்பையில் போட்டிருந்தாள். என் இடுப்பைச் சுற்றித் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. எத்தனை பேரிடம் சேலையை விலக்கிக் காட்ட முடியும்? மாமியாரிடம் காட்டப்போனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கால் கட்டையாகிப்போனது, அவரால் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. அவர் வீட்டிலிருந்தபடி சோடா போட, நான் வேறொரு டிரெய்லரைக் கையாலேயே இழுத்துக்கொண்டு கடை கடையாகப் போனேன். யார் வந்து காலைப் பற்றிக் கேட்டாலும் அதே கதைதான். சொல்லிச் சொல்லி அவருக்கு அது நன்றாக வந்துவிட்டது. சிரிப்பு வருகிற மாதிரிகூடச் சொல்வார்.

எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், ஒரு நாள் சாயங்காலம் அடுப்படிக்கு வந்து கேட்டாள்.

“ஏம்மா, அப்பாவக் கீழ தள்ளி உட்டது நீதானா?”

“இல்ல கண்ணு.”

“பின்ன அப்பா ஏன் அப்படிச் சொல்லுது?”

பக்கத்து அறையில் அவர் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். சத்தம் நின்றது. ஏதாவது சொல்வார் என்று நானும் காத்திருந்தேன். அவர் தண்ணீரை மொண்டு ஊற்றி மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.