எட்டு எச்.பி. போதும் என்ற எங்கள் அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்ததும் கண் கலங்குவீர்கள் என்று தெரியும். ஆனால் மூத்த மகளாகிய நான் யாரையும் அழவைக்க எழுதவில்லை. திருச்சுழிப் பட்டறையில் கிணற்று எஞ்சின்களோடு வாழ்ந்த அப்பா, கடற்கரைக்குப் போய் ஒரு வள்ளத்துக்கு எஞ்சின் தேர்ந்தெடுத்ததைச் சொல்ல வேண்டும். இப்போது நினைத்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்பா பிறந்தது பரளச்சியில். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெறுங்கை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆயில் எஞ்சின் பழுது பார்க்கப் பழகி, பிறகு தனியே பட்டறை போட்டார். நரிக்குடியிலிருந்து காரியாபட்டி வரை எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று யோசிக்காமல் சொல்வார். கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். ஞாயிறு பூசைக்கும் சட்டைப் பையில் ஸ்பேனரோடுதான் கிளம்புவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அப்பாவின் தங்கையான எங்கள் அத்தை கடற்கரையில் வாழ்க்கைப்பட்டவர். மாமா, அவர் தம்பியான சின்ன மாமா, மாமாவின் மூத்த மகன் மூவரும் பாய் கட்டிய வள்ளத்தில் மீன்பிடிக்கப் போவார்கள். குடும்பத்துக்கே அந்த ஒரு வள்ளம்தான். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் எதிர்க்காற்றில் சிக்கி, பகல் முழுவதும் கரை சேர முடியாமல் தவித்துவிட்டார்கள். எஞ்சின் மாட்டாமல் இனி ஒருவரும் கடலுக்குப் போகக் கூடாது என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றார். எத்தனை எச்.பி. வாங்குவது என்று கேட்டு அப்பாவுக்குக் கடிதம் வந்தது.

அப்பா அன்றைக்கே பதில் போட்டார். "பதினைந்து எச்.பி. வாங்கவும். பெரிதாக இருப்பதே நல்லது." எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். அடுத்த தோட்டக்காரர் ஐந்து வைத்தால் நாம் ஏழரை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றெல்லாம் அவர் கிணற்றுக்குப் போய்விடும். அதே நினைப்பில் கடலுக்கும் சொல்லிவிட்டார்!

வாங்கும்போது அப்பாவும் கூட இருக்க வேண்டும் என்று மாமா அழைத்தார். கல்லூரி விடுமுறையில் இருந்த நானும் தொற்றிக்கொண்டேன். வள்ளத்தைப் பார்த்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எத்தனை அடி ஆழத்துல கெடக்கு மாப்ளே?"

சின்ன மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடலுக்கா ஆழம் கேக்குறீக? எறங்கி அளந்து பாருங்க மச்சான்!"

அப்பாவும் சிரித்தார். பிறகு வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எஞ்சின் மாட்டும் பின்பலகையை ஸ்பேனரால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஊரில் எஞ்சின் உட்காரும் தளம் கெட்டியா பொக்கையா என்று அப்படித்தான் பார்ப்பார்.

கடைக்காரர் ஓட்டிப் பார்ப்பதற்காகப் பதினைந்து ஒன்றும் எட்டு ஒன்றும் அனுப்பியிருந்தார். வள்ளத்தில் ஈர வலையை ஏற்றினார்கள். மூவரும் ஏறினார்கள். நான்காவதாக, நீச்சலே தெரியாத அப்பாவும் ஏறினார்.

"நீங்க எதுக்குண்ணே?" என்று அத்தை பதறினார்.

"நான் சொன்ன எஞ்சினு. நான் உக்காரலைன்னா வேற யாரு உக்காருவா?"

மாமா சிலுவை போட்டுக்கொண்டார். சின்ன மாமா பதினைந்தை முறுக்கினார். அடேயப்பா, அந்தச் சத்தம்! வள்ளத்தின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது, பின்பக்கம் அமுங்கியது. கரையில் நின்ற நாங்கள் கைதட்டினோம். அப்பா மட்டும் பின்பலகையின் இணைப்பில் விரலை வைத்துக் குனிந்திருந்தார். பலகை விலகி விலகிச் சேர்வதை அவர் விரல் கண்டுபிடித்திருக்கிறது. அதற்குள் தண்ணீர் பின்னால் ஏறி அவர் வேட்டியை நனைத்தது. "நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று அவர் கத்தியது கரை வரை கேட்டது.

பிறகு கரைக்குத் திரும்பி எட்டை மாட்டி, அதே இடம் வரை போய் வந்தார்கள். வேகம் குறைவுதான். ஆனால் வள்ளம் சமமாகப் போனது, பலகை அசையவில்லை. கரைக்கு வந்ததும் மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிப் பார்த்த அப்பா துள்ளிவிட்டார். "அதே தூரந்தான் ஓடியிருக்கோம். அது குடிச்சதுல பாதிதான் இது குடிச்சிருக்கு! எட்டே போதும் மாப்ளே."

மற்ற வள்ளக்காரர்களெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பதினைஞ்சு வாங்கச் சொல்லி நீங்க எழுதுன லெட்டரு என் பையில இருக்கு. இப்ப மாத்திப் பேசுறீக?"

சம்பந்தக்காரர்கள் முன்னால் சொன்ன சொல்லை மாற்றுவது லேசா? அப்பா தயங்கவே இல்லை.

"அது கெணத்துக்காரன் எழுதுன லெட்டரு. தப்பு என்னோடதுதான், கிழிச்சுப் போடுங்க. இங்க யாரு கூடயும் போட்டி போட்டுத் தண்ணி எடுக்கப் போறதில்ல. போன ஆளு திரும்பி வரணும், அம்புட்டுத்தான்."

மாமா கடிதத்தை வாங்கிக் கிழித்தார். எட்டு எச்.பி. வீட்டுக்கு வந்தது. சின்ன மாமா நாங்கள் ஊருக்குக் கிளம்பும்போது முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த ஐப்பசியில் ஒரு மத்தியானம், மூவரும் வெகுதூரம் போயிருந்தபோது காற்று கிளம்பியது. மறுநாளே சின்ன மாமா பஸ் ஏறித் திருச்சுழிக்கு வந்துவிட்டார். பட்டறை வாசலில் நின்று மூச்சு வாங்கச் சொன்னார்: "நாலு மணி நேரம் எதுத்தே ஓட்டுனோம் மச்சான். கரை தட்டுனப்ப கேன்ல ஒரு செரட்டை எண்ணெதான் மிச்சம். பெருசு இருந்திருந்தா பாதி வழியில நின்னு போயிருப்போம்." அப்பாவின் கிரீஸ் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பாவோ, "பின்பலகை அசையலையே?" என்று விசாரித்தார். மனுஷன் அழும்போது கேட்கிற கேள்வியா அது? எங்கள் அப்பா அப்படித்தான்.

கடைசி ஆறு மாதம் மூச்சுத் திணறல் அவரைப் படுக்க வைத்தது. அருப்புக்கோட்டை மருத்துவமனையிலும் பக்கத்துப் படுக்கைக்காரரின் பம்புசெட்டுக்கு யோசனை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தபடி கண்ணை மூடினார்.

இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், வீடு தேடி வந்து செபித்த பங்குத்தந்தைக்கும், துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நன்றி சொல்ல இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். அப்பாவின் சவப்பெட்டியை வீட்டிலிருந்து முதலில் தோளில் ஏற்றியவர்கள் மாமா, சின்ன மாமா, மாமாவின் மகன். நான்காவது முனையில் என் தம்பி. பாதி வழியில் ஊர்க்காரர்கள் தோள் மாற்ற வந்தார்கள். வியர்த்து வழிந்த சின்ன மாமா விடவில்லை.

"எங்க மூணு பேரையும் கரை சேத்தவுக. இவுகளக் கொண்டுபோய்ச் சேக்குற வரைக்கும் நாங்க எறக்க மாட்டோம்."

கல்லறை வரை அவர்கள் இறக்கவில்லை.