மதகடியில் போன ருசி

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், பிசாசு, காத்துக்கருப்பு என்று எதையும் நான் நம்பினவள் இல்லை, இன்றைக்கும் நம்புவதில்லை. காரைக்காலில் கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு படித்து சர்த்திபிக்கா பரீட்சை தேறியவள் நான். எங்கள் தலத்தெருவில் யாராவது குழந்தைக்கு மந்திரித்துக் கயிறு கட்டினால் நேரே போய்ச் சண்டை போட்டு அவிழ்த்துவிட்டு வருவேன். அப்படிப்பட்டவளுக்கு நடந்தது இது. நடந்ததைச் சொல்கிறேன், அதற்குப் பேர் வைப்பது உங்கள் பாடு.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன மறு வருஷம் வைகாசியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் அந்துவான். ஒரு பிரெஞ்சு துரை வீட்டில் பதினோரு வருஷம் குசினியைக் கட்டி ஆண்ட சமையல்காரர். துரை கப்பலேறியதும் வேலை போய்விட்டது. வேலையில்லாதவனுக்கா பெண் கொடுப்பது என்று அப்பா யோசித்தார், நான் யோசிக்கவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் எங்கள் வீட்டு மீன் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "வெந்தயம் கொஞ்சம் கருகிடுச்சுங்க" என்று என் அம்மா முகத்துக்கு நேராகச் சொன்ன மனுஷர் அவர். பொய் சொல்லத் தெரியாத நாக்கு என்று எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

கடைத்தெருவில் புதிதாக ஓட்டல் திறக்கவிருந்த ஒரு முதலாளி, வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து சமைத்துக் காட்டுங்கள், பிடித்திருந்தால் குசினி உங்கள் பொறுப்பு என்று அவரிடம் சொல்லியிருந்தார். எங்கள் பிழைப்பு மொத்தமும் அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. அதற்குள் விருந்துகளை முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கிளம்பினோம். துரை விட்டுப்போன பழைய கார் விற்காமல் கொட்டகையில் கிடந்தது. அதன் டிரைவர் சவரிமுத்து என் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி.

"கல்யாணத்துக்கு என்னால வேற என்ன செய்ய முடியும்? ரெண்டு மூணு நாளு ஓட்டறேன், பெட்ரோல் மட்டும் போட்டுக்கங்க. யாராச்சும் கேட்டா இஞ்சின் ஓடுதான்னு பாக்கறேன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

முதலில் அம்பகரத்தூர், என் பெரியம்மா வீடு. போகிற வழியிலேயே திருநள்ளாற்றில் நிறுத்தி இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம், போய்ச் சேர்ந்ததும் கோழிப் பிரட்டல், கொடுவா மீன் வறுவல், ராத்திரிக்கு இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும், விடிந்தால் ஆப்பம். இவர் சாப்பிட்ட கையோடு குசினிக்குள் போய், சோம்பு எப்போது போட்டீர்கள், தேங்காயை வறுத்து அரைத்தீர்களா பச்சையாக அரைத்தீர்களா என்று பெரியம்மாவை நோண்டி எடுத்துவிட்டார். பெரியம்மாவுக்கு ஒரே பெருமை. அடுத்த விருந்து பூவத்தில், இவருடைய அக்கா வீட்டில், எனக்கு அண்ணி முறை. வெறுங்கையோடு அனுப்புவேனா என்று பெரியம்மா ஆட்டுக்கறி வறுவல், அதிரசம், இன்னும் என்னென்னவோ செய்து நாலு அடுக்கு டிபன் கேரியரை நிரப்ப, கிளம்பும்போதே மணி பதினொன்றரை.

கேரியரை மூடும் முன்னால் பெரியம்மா அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து ஆற வைத்து, மேல் அடுக்கில் இலைக்கு மேலே வைத்துச் சிலுவை போட்டார்.

"உச்சிவேளைல கறி கொண்டுகிட்டுப் போறீங்க. இது கெடந்தா எதுவும் பின்னால வராது" என்றார்.

தினமும் காலைப் பூசைக்குப் போகிற பெரியம்மா. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

பாதி வழியில் கார் கொதித்துப் புகைந்து நின்றுவிட்டது. ஒரு மதகுக்குப் பக்கத்தில் ஒற்றைப் பூவரச மரம், கோடை என்பதால் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை, இரண்டு பக்கமும் வெடித்த வயல். சவரிமுத்து தகர டப்பாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். நாங்கள் இருவரும் மரத்தடியில் உட்கார்ந்தோம். புதுசாகக் கல்யாணமானவர்கள், தனியாக, பக்கத்தில் கறி வறுவல். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தால் அண்ணிக்குத் தெரியவா போகிறது என்று நான்தான் கேரியரைத் திறந்தேன். இலையெல்லாம் கரித்தூள். துண்டை எடுத்து வாய்க்காலில் வீசினேன்.

"கெடந்துட்டுப் போவட்டுமே. பெரியவங்க வச்சது" என்றார் இவர்.

"வந்தா வரட்டும், ரெண்டு துண்டு அதுக்கும் குடுப்போம்" என்றேன் நான். இந்த வாயால்தான் சொன்னேன்.

கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்ற நான் திரும்பியபோது பின்னால் யாரோ ருசித்துச் சப்புக் கொட்டுகிற சத்தம் கேட்டது. நல்லா இருக்கும்போது நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுப்போமே, அந்தச் சத்தம். இவர் அதற்குள் வாயில் போட்டுக்கொண்டார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திரும்பினால், இவர் என்னைப் பார்த்து, "ஏன் ரெஜினா, நான் இன்னும் கையே வைக்கல, நீ அதுக்குள்ள சப்புக் கொட்டற" என்கிறார். நான் இல்லை என்றேன். இரண்டு பேரும் மரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மனித வாடையே இல்லை.

அப்புறம்தான் அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். "பெரியம்மா உப்பு போடலியா?" என்றார். நான் தின்று பார்த்தேன், உப்பும் உறைப்பும் பிரமாதமாக இருந்தது. ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தார், அதிரசத்தைக் கடித்தார். ஒன்றும் தெரியவில்லை. வெயில், பித்தம், முந்தின நாள் தின்ற தீனி என்று நான் ஆயிரம் காரணம் சொன்னேன்.

பூவத்தில் அண்ணி நண்டு மசாலா, இறால் தொக்கு, வாத்துக்கறி என்று இலை கொள்ளாமல் பரிமாறினார். இவர் ஒவ்வொன்றுக்கும் உப்பு கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது அண்ணி அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னடா, எங் கை சமையல் அவ்ளோ மட்டமாயிடுச்சா?"

சொல்ல வேண்டியதாகிவிட்டது. வழியில் காரில் நாங்கள் பேசியதைக் கேட்டிருந்த சவரிமுத்து வேறு கரித்துண்டு சமாசாரத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அண்ணி என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் பரவாயில்லை. நிதானமாகச் சொன்னார்.

"கல்யாணமாயி பத்து நாளு ஆவல, எந் தம்பி நாக்கத் தொலைச்சுட்டு வந்து நிக்கறே. அவனுக்குச் சரியாவுற வரைக்கும் நீ தலத்தெருவுல ஒங்க வீட்டுலயே இரும்மா. நாங்க மந்திரிக்கற ஆளக் கூப்புட்டுப் பாத்துக்கறோம்."

சாயங்காலம் கிணற்றடியில் அவரைப் பார்த்தேன். கையில் கல்லுப்பு வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாக நாக்கில் போட்டுப் போட்டுத் துப்பிக்கொண்டிருந்தார். "மண்ணு மாதிரி இருக்கு ரெஜினா" என்றார். "எனக்குப் படிப்பில்ல, நெலமில்ல. இது ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துச்சு." பதினோரு வருஷம் துரைமாருக்கு முன்னால் தலை நிமிர்ந்து நின்ற ஆள், அப்படியே குந்தி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அழுது முடித்ததும் வந்தது பாருங்கள் ஒரு கோபம், அண்ணி மேல் இல்லை, என் மேல்கூட இல்லை, அந்த மதகு மேல்.

மறுநாள் காலையில் அண்ணி வீட்டுக் குசினியில் நானே இறால் வறுத்தேன், சோறு வடித்தேன். கரித்துண்டு வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். அண்ணி தடுத்தார், நான் காதில் வாங்கவில்லை. சரியாக உச்சிவேளைக்கு மதகுக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்று சவரிமுத்துவிடம் சொன்னேன். இவரும் வந்தார். இவரைக் காரிலேயே உட்கார வைத்து, கையில் ஒரு கிண்ணம் இறாலைக் கொடுத்துவிட்டு நான் மட்டும் இறங்கிப் போனேன்.

மதகுக் கட்டையில் இலை போட்டுச் சோறும் இறாலும் வைத்தேன். பேயை நம்பாதவள் யாரிடம் பேசினாய் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆனால் பேசினேன், நன்றாக உரக்கவே பேசினேன்.

"பசின்னா கேட்டு வாங்கித் தின்னணும். அடுத்தவங்க நாக்க எடுத்துட்டுப் போறது என்ன வழக்கம்? அந்த மனுசன் அத வச்சுத்தான் பொழைக்கணும். ரெண்டு துண்டு தரேன்னு சொன்னவ நான். எடுக்கறதா இருந்தா எங்கிட்ட எடு. வா, ஒக்காரு."

சொல்லிவிட்டு அந்த இலையிலேயே ஒரு பக்கமாக உட்கார்ந்து நானும் சாப்பிட ஆரம்பித்தேன். இலை ஆடவில்லை, காற்று அடிக்கவில்லை, எதிர்ப்பக்கத்துச் சோறு வைத்தபடி இருந்தது. ஒன்று மட்டும் உண்டு, இறால் வாடைக்கு ஒரு காக்கைகூட வரவில்லை. நாலாவது வாயோ ஐந்தாவது வாயோ, மென்றுகொண்டிருக்கும்போதே ருசி நின்றது. விளக்கை ஊதி அணைத்த மாதிரி. வாயில் இருந்தது இறாலா, ஈரத்துணியா என்று தெரியவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. வைத்ததை மிச்சம் வைக்காமல் என் பக்கத்துச் சோற்றைத் தின்று முடித்துவிட்டுத்தான் கை கழுவினேன்.

காருக்குத் திரும்பி வந்தேன். இவர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார். மெல்லக் கண்ணைத் திறந்து, "ரெஜினா, இஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு" என்றார்.

நம்பினால் நம்புங்கள், என் வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு அழகாகக் குறை சொன்னதில்லை. சவரிமுத்து ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். பூவத்துக்குத் திரும்பியதும் அண்ணி தம்பிக்கு ஒரு கரண்டி வாத்துக்கறிக் குழம்பைக் கொடுத்துச் சோதித்தார். அதிலும் இவர் ஒரு குறை சொன்னார். அண்ணி என்னை வீட்டுக்குப் போகச் சொன்னதைப் பற்றி அப்புறம் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இவர் சமைத்தார், முதலாளி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், குசினி எங்கள் வசமானது.

என் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று ராத்திரி எனக்கு ருசி வந்துவிட்டது. மறுநாள் காலையும் நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் சோற்றில் கை வைத்தேன், ஒன்றுமில்லை. அன்றிலிருந்து இப்படித்தான், காலையும் ராத்திரியும் எனக்கு, மத்தியானச் சோறு எனக்கில்லை. ஒரு டாக்டர் நரம்புக் கோளாறு என்றார். என் நரம்புக்கு மணி பார்க்கத் தெரியுமா என்று கேட்டேன், மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இவரிடம் நான் கடைசி வரை சொல்லவில்லை. தினமும் மத்தியானம் ஓட்டலில் கூட்டம் அடங்கியதும் எனக்கென்று தனியாக எடுத்து வைத்ததைக் கொண்டுவந்து, எதிரில் உட்கார்ந்து, "எப்படி இருக்கு?" என்பார். "நல்லாருக்கு" என்பேன். பொய் சொல்லத் தெரியாத நாக்கு என்று கட்டிக்கொண்ட மனுஷரிடம் நாற்பது வருஷம் தினம் ஒரு பொய். அது ஒன்றுதான் எனக்கு வலி, மற்றபடி கொடுத்தது நான், யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. என் மத்தியானச் சோற்றை எது ருசித்ததோ, நல்ல சோறாகத்தான் ருசித்தது, அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு.

அவர் இறந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு, சாயங்காலச் சடங்கு முடிகிறவரை பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்று ஒருசந்தி இருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் மத்தியானச் சோறு தவறியது அன்றைக்குத்தான். பன்னிரண்டு மணிக்கு மேல் நாற்காலியில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். என் மகள் உலுக்கி எழுப்பினாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா சாப்புடறீங்க? அரை மணி நேரமா மென்னுகிட்டே இருக்கீங்க. முழுங்கவும் செய்யறீங்க."

வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். ஒன்றும் இல்லை. ஆனால் என் வயிறு நிறைந்திருந்தது, விருந்து வீட்டில் நிறைவது போல, மறுநாள் காலைவரை ஒரு வாய் இறங்கவில்லை.

எனக்குப் பயமில்லை, அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு ஊட்டியது யார், அது கறியா மீனா என்று எதுவும் தெரியாமல், கறி தொடக்கூடாத பெரிய வெள்ளியன்று வயிறு நிறையத் தின்றிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளில் இருக்கும்போதெல்லாம் இதைச் சாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எழுந்து வந்துவிடுகிறேன்.