ஏர்கோன் பார்க்க வந்தவர்

ஏர்கோன் போட்டும் நான் தினமும் வியர்வையில் குளித்தே எழுந்தேன். அதைப் பழுதுபார்க்கச் செமோர் ஊரிலிருந்து ஒருவர் வந்தார். குட்டையான ஆள், தோளில் அவரைவிட உயரமான ஏணி. இயந்திரத்தைத் தொடுமுன் கட்டிலைத்தான் பார்த்தார்.

“அண்ணே, யாரு எந்தப் பக்கம் படுக்கிறீங்க?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. “காத்து அடிக்கிற பக்கம் அவ.”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு லா. அக்காவுக்குக் குளிருது. நீங்க தூங்குனதும் சுவிட்ச அடைச்சிடுறாங்க. இடம் மாறிப் படுங்க.”

கதவோரம் நின்ற மனைவி மறுக்கவில்லை, சிரித்தாள்.

“உங்க வீட்டுலயும் இப்படித்தான் சரி பண்ணீங்களா?” என்று கேட்டேன்.

“ஆமா அண்ணே, மாறிப் படுத்துப் பாத்தேன். இப்ப நான் ஹால்ல படுக்கிறேன்.”

அன்றிரவு இடம் மாறினேன். குளிரில் பற்கள் தந்தியடித்தன. ஏர்கோனை அணைத்தால் மனைவி சிரிப்பாள் என்று போர்வைக்குள் சுருண்டுகொண்டேன். அவர் எனக்குச் சொன்னது வைத்தியமா, எச்சரிக்கையா என்று இன்னும் விளங்கவில்லை.