பிரேக் அக்கா குகைக்குள் போன கதை

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவருக்கு ஊருக்குள் பிரேக் அக்கா என்று பெயர். வண்டி பழக்கும் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் மிதிப்பதற்குள் இவர் மிதித்துவிடுவார். மிதிப்பதோடு நிற்காமல் "பிரேக்" என்று வாயாலும் ஒரு போடு போடுவார். அந்தச் சத்தத்துக்குத் தெருவில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பிறந்தது, படித்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் அவருக்கு ஒரே ஊரில்தான். ஊரின் மேற்கே ஒரு பாறைக்குன்று. அதைக் குடைந்து யாரோ ஒரு காலத்தில் கோயில் செய்து வைத்திருந்தார்கள். அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். அக்காவுக்கோ குன்று என்றால் அதன் அடியில் இருக்கும் வண்டி நிறுத்துமிடம் மட்டும்தான். காலையில் காலியாகக் கிடக்கும். ரிவர்ஸ் பழக அதைவிட நல்ல இடம் அமையாது. எந்த மூலையில் பள்ளம், எந்தக் கம்பத்தை யார் யார் இடித்தார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. குகைக்குள் போனது பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரே ஒரு தடவை. அன்றைக்கும் வரிசையில் முன்னால் நின்றவளின் பின்னலைத்தான் பார்த்தார். அங்கேதானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்று வருடங்கள் ஓடிவிட்டன.

ஒரு நாள் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் தங்கை, வண்டி பழக வந்திருந்தார். கணவருக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு சொந்த ஊருக்கே திரும்பியிருந்தவர். உறவு என்பதற்காக அக்கா அதட்டலைக் குறைக்கவில்லை. நாத்தனாரும் அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தபோது டப்பென்று ஒரு சத்தம். கிளட்ச் தரையோடு ஒட்டிக்கொண்டது.

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணி."

"நீ பண்ணல. கேபிள் அத்துப்போச்சு. அதுக்கும் வயசாகுதுல்ல."

மெக்கானிக்குக்கு போன் போட்டால், கைவேலையை முடித்துவிட்டு வருகிறேன், மத்தியானம் ஆகிவிடும் என்றார். அக்கா காரில் சாய்ந்துகொண்டு நின்றார். வெயில் சுள்ளென்று ஏறியது.

"இப்படியே நின்னா காஞ்சு சருகாயிடுவோம்" என்றார் நாத்தனார். "வாங்க, உள்ள போய்ப் பாத்துட்டு வரலாம்."

"எதை?"

"கோயிலத்தான். டூரிஸ்ட் மாதிரி."

"நம்ம ஊர்லயே நாம டூரிஸ்டா? பாக்கிறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டுமே. சிரிச்சிட்டு வந்த வழியப் பாத்துப் போவான்."

அதற்குள் ஒரு பஸ் கூட்டம் வந்து இறங்கியது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வழிகாட்டி ஒருவர் எல்லோரையும் வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். இவர்கள் இருவரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டார்கள். வழிகாட்டி திரும்பிப் பார்த்து, "மேடம், நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் எங்கோ கடற்கரையோரம் இருக்கும் ஓர் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டார்.

"ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. இந்த ஊருக்காரங்க ஒருத்தர்கூட எட்டிப் பாக்கறதில்ல மேடம்."

"அப்படியா? அநியாயமா இருக்கே" என்றார் அக்கா. நாத்தனார் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உள்ளே காலை வைத்ததும் வெயில் அறுந்து விழுந்தது போல நின்றது. கண் பழகப் பழகத் தூண்கள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளியே வந்தன. எல்லாம் ஒரே பாறை, எங்கும் ஒட்டு இல்லை. சுவர் முழுக்க ஆட்கள்: மத்தளம் அடிக்கிறவன், தலைமுடியை உதறிக் காயவைக்கிறவள், குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு எதையோ வேடிக்கை பார்க்கிறவள். ஒரு மூலையில் பாதி செதுக்கி விட்டுவிட்ட ஒரு யானை. முகமும் துதிக்கையும் வந்துவிட்டன. உடம்பு இன்னும் பாறைக்குள்ளேயே இருந்தது. உளி பட்ட தடம் நேற்றுப் பட்டது போல இருந்தது. அக்கா அதன் நெற்றியில் கை வைக்கப் போய், தொடக்கூடாது என்ற பலகையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். இத்தனை நாளும் இதற்குக் கீழேதானே நின்று கத்திக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

கடைசி அறையில் வழிகாட்டி எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்தார். "யாராவது ஒரு வார்த்தை சத்தமா சொல்லுங்க. கல்லு என்ன பண்ணுதுன்னு பாருங்க."

யாரும் முன்வரவில்லை. நாத்தனார் அக்காவை முழங்கையால் இடித்தார். திடீரென்று வார்த்தைக்கு எங்கே போவது? பழக்கதோஷத்தில் அக்காவின் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"பிரேக்!"

குகை அதை வாங்கி, உருட்டி, பத்து மடங்கு கனத்தோடு திருப்பித் தந்தது. அதே நேரம் வாசல் பக்கம் விறுவிறுவென்று வந்துகொண்டிருந்த காவலாளி, வலது காலை ஓங்கித் தரையில் ஊன்றி அப்படியே சிலையாக நின்றார். அவர் அக்காவிடம் வண்டி பழகியவர்.

"அக்கா, இங்கதான் இருக்கீங்களா? மெக்கானிக் சீக்கிரமே வந்துட்டாரு, அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றார், ஊன்றிய காலை எடுக்காமலே.

வழிகாட்டி அக்காவையும் காவலாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம் கடற்கரை ஊருன்னு சொன்னாங்களே."

"யாரு, அக்காவா? அவங்க மார்க்கெட் பின்னாடி தெருவுங்க."

கூட்டம் மொத்தமும் சிரித்தது. சிரிப்பையும் குகை சும்மா விடவில்லை. வழிகாட்டி மட்டும் அக்காவை ஒரு முறை முறைத்துவிட்டு, "பரவால்ல, ஒரு ஆளாவது வந்தீங்களே" என்றார். பிறகு அவராகவே இருவரையும் அந்த அரைகுறை யானைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து போட்டோ எடுத்துக் கொடுத்தார்.

அன்று வீட்டில் அக்கா அந்தப் போட்டோவை வீட்டுக்காரரிடம் காட்டினார். அவர் சாய்வு நாற்காலி கடை வைத்திருப்பவர். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க அவருக்குத் தனியாகக் காரணம் வேண்டும்.

"அங்க பாக்க என்ன இருக்கு?"

"தெரியாது. வந்து பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மனிதர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தூண்களைத் தொடாமல் பார்த்தார், யானையைச் சுற்ற வழியில்லாமல் திரும்பினார், கடைசி அறையின் கல்மேடையில் உட்கார்ந்தார். அக்கா முன் அறைக்குப் போய்விட்டு வந்தபோது சுவரில் தலையைச் சாய்த்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியதும் கோபித்துக்கொண்டார்.

"இவ்வளவு குளுகுளுன்னு ஒரு இடம் இருக்குன்னு இத்தன நாளா ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"