ஜெசிந்தா அக்காவும் விடிகாலை பஸ்ஸும்

முதியோர் இல்லச் சமையலறையில் காலை உணவுக்குப் பாண் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஜெசிந்தா அக்கா காலமாகிவிட்டார். வேலையைப் பாதியில் விட்டு அழ முடியுமா? எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அழுதேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னாரில் பிறந்து, அகதியாகப் பாரிஸ் சென்று, உணவகத்தில் கோப்பை கழுவியவர். அங்கே ஒரு புறநகரில் சோசலிஸ்டுகளோடு சேர்ந்து சுவரொட்டி ஒட்டத் தொடங்கினார். முதல் தேர்தலில் தோற்றார், அடுத்ததிலும் தோற்றார். அதற்குப் பிறகுதான் நகரசபைக்குள் போனார். "தோத்த அடுத்த நாள், ஒட்டின நோட்டீசை உரிக்கிறதும் அரசியல்தான்" என்பார்.

நோயாளித் தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காக ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹேக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு அவர் குடிவந்தபோது, இனி அரசியல் இல்லை என்றே நினைத்தோம். அவரோ ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி பிரெஞ்சுக் குடியுரிமையோடேயே இங்கும் நகரசபைக்குப் போட்டியிடலாம் என்று அறிந்து வைத்திருந்தார். வீடு வீடாக ஏறினார். வந்தவரைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் நமக்கு உண்டா? "தேத்தண்ணி பிறகு, பிள்ளை. முதல்ல பிரச்சினையைச் சொல்லுங்கோ" என்று என் வாசலிலேயே நின்றார். விடிகாலை பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்றேன். கார் ஓட்டத் தெரியாத எனக்கு அந்த பஸ் போனால் வேலையும் போய்விடும். "ஓம், விளங்குது" என்றார், அவ்வளவுதான்.

வென்றார். நாங்கள் வேறென்ன செய்வோம்? மண்டபம் எடுத்து, பொன்னாடை போர்த்தி, மாலை சூட்டிப் பாராட்டு விழா வைத்தோம். எல்லோரும் புகழ்ந்து களைத்தபின் அக்கா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"மாலை நல்ல வடிவா இருக்கு. வாற கிழமை பஸ் விசயம் சபைக்கு வருது. இங்க இருக்கிற எல்லாரும் அங்க வரவேணும். நான் தனியக் கத்தினா, ஒரு பொம்பிளை கத்துறாள் எண்டு விட்டிடுவாங்கள்."

"எங்களுக்கு டொச் வடிவாத் தெரியாதே, அக்கா" என்றார், ஜெர்மன் மொழி தடுமாறும் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர்.

"ஆர் உங்களைக் கதைக்கச் சொன்னது? வேலை உடுப்போட வந்து இருங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

போனோம். இருக்கைகள் போதாமல் சுவரோரம் நின்றோம். "நீங்கள் எழும்புவதற்கு முன்பே உங்கள் தாய்மாருக்குப் பாண் வெட்டப் போகிறவர்கள் இவர்கள்" என்று, பிரெஞ்சு வாடையடிக்கும் ஜெர்மனில் எங்களைக் காட்டிச் சொன்னார். பஸ் தப்பியது.

இப்போது பஸ்ஸை நிறுத்தும் அதே யோசனை மறுபடியும் சபைக்கு வருகிறது. வருகிற செவ்வாய்க்கிழமை மாலை. அதே மாலையில்தான் அக்காவுக்கு நினைவுக் கூட்டம் என்று சங்கம் அறிவித்தது. எனக்கு வந்த கோபத்தில் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, அக்கா உயிரோட இருந்தா அண்டைக்கு எந்த மண்டபத்தில இருப்பா?"

"ஓம் தங்கச்சி. கூட்டத்தைப் பிறகு வைப்பம். எல்லாரும் சபைக்குப் போவம்" என்றார்.

போனால் மட்டும் போதாது. எங்களுக்காகப் பேச இனி அக்கா இல்லை. என் டொச் கரடுமுரடுதான். ஆனாலும் பேசுவதற்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். நேற்று அவர் குழியில் ஒரு பிடி மண் போட்டபோது அதைத்தான் சொன்னேன்:

"போயிட்டு வாங்கோ, அக்கா. செவ்வாய்க்கிழமை நான் கதைக்கிறன்."